கடைசி அசையில் நில்லுங்கள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பிரெஞ்சு படிக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், அவர்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும்,



உங்களில் பலருடைய கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். மல்லாவியிலிருந்து வந்த கொப்பியானாலும் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த கொப்பியானாலும் முதல் பக்கங்களில் ஒரே அட்டவணைதான். இடது கைப்பக்கம் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரி. எதிரே ‘பேசுதல்’ என்ற வினையின் ஆறு வடிவங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு: பார்லே, பார்லெஸ், பார்லே, பார்லோன்ஸ், பார்லெஸ், பார்லென்ட். ஒப்புவிக்கச் சொன்னால் ஒரு மூச்சில் ஒப்புவிக்கிறீர்கள். வீட்டுவேலை, தோட்டவேலை, பிள்ளை பராமரிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அதைப் பாடமாக்கிய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பென்சிலால் எழுதிய அந்த ஆறில் ஒன்றுகூடப் பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து அப்படி வராது.

அவர் சொல்வது இப்படி இருக்கும்: ஜு பார்ல், த்யூ பார்ல், இல் பார்ல், நூ பார்-லோ(ன்), வூ பார்-லே, இல் பார்ல். எழுத்தில் ஐந்து வடிவங்கள். காதுக்கு மூன்றே மூன்று. ஆறு வரிகளில் நான்கில் வினை ஓரசை; ‘நாங்கள்’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் மட்டும் ஈரசை.

தமிழ் எழுத்தில் எழுதியது குற்றமல்ல. நானும் இந்த மடலில் அப்படித்தான் எழுதப்போகிறேன். ஒலியை எழுதவேண்டிய இடத்தில் எழுத்துக்கூட்டலை எழுதியதுதான் சிக்கல். வினைச்சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்காமல் அசை அசையாகப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் கடைசி அசையில் குரலை நிறுத்த வேண்டும். இவ்வளவைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இதற்கு வேண்டிய இலக்கணத்தில் பெரும்பங்கை நீங்கள் சாதாரணதரத் தமிழ்ப் பாடத்திலேயே படித்து முடித்துவிட்டீர்கள்.

இது ஏதோ அழகுக்காகச் சொல்வதல்ல. பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் ஏ1 பரீட்சைக்கு மொத்தம் 100 புள்ளி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. சித்தியடைய 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. ஆக, பாதிப் புள்ளி காதையும் வாயையும் நம்பியிருக்கிறது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை இரண்டு தடவை போடுவார்கள், அதற்குமேல் போடமாட்டார்கள். பேசுதல் 5 முதல் 7 நிமிடம். அந்த நேரத்தில் அட்டவணையை யாரும் கேட்கப்போவதில்லை. பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபின்னும் மொழி பின்தொடர்ந்து வரும். 2024 ஜனவரி 26ஆம் திகதிய சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், பல்லாண்டு வதிவிட அட்டைக்கு ஏ2 மட்டம், பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்பது பொது விதி. முதல் மாதத்தில் வாயில் ஒட்டிக்கொண்ட பிழை பி1 வரைக்கும் கூடவே வரும். இப்போதே கழற்றிவிடுவது நல்லது.

முதலில் அசை. தமிழில் அசை என்றதும் யாப்பில் படித்த நேரும் நிரையும் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக் கணக்கு அதைவிட எளிது. இரண்டு குறிலைச் சேர்த்து நிரையாக்கும் வேலை இங்கே இல்லை. காதில் கேட்கும் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். தாளில் எத்தனை உயிரெழுத்து நிற்கிறது என்பது கணக்கில் சேராது.

ஏன் சேராது என்றால், சொல்லின் இறுதியில் நிற்கும் ‘ஈ’ என்ற எழுத்து பிரெஞ்சில் பெரும்பாலும் ஊமை. இது உங்களுக்குப் புதிதல்ல. நாடு, காசு, பாட்டு என்று சொல்லிப் பாருங்கள். இறுதி உகரம் முழு மாத்திரை பெறாது, அரை மாத்திரையாகக் குறுகும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்: நாடு, எங்கே, நாடெங்கே. தொல்காப்பியத்தில் இதற்கென்றே குற்றியலுகரப் புணரியல் என்று ஓர் இயல் இருக்கிறது. பிரெஞ்சின் ஊமை ‘ஈ’ நம் குற்றியலுகரத்துக்கு நெருங்கிய உறவு. வித்தியாசம் என்னவென்றால், அது தனியே நிற்கும்போதும் பேச்சில் கேட்காது. பிரெஞ்சுச் செய்யுளில் மட்டும் மெய்யொலிக்கு முன்னால் வந்தால் அதை எண்ணுவார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற பன்னிரண்டசை அடி அப்படி எண்ணினால்தான் கணக்குச் சரியாக வரும். பரீட்சை முடிந்து நாலைந்து வருடம் போனபின் அதையும் படியுங்கள், நன்றாக இருக்கும்.

அந்த ஊமை ‘ஈ’க்குப் பின்னால் ‘எஸ்’ வந்தாலும் ஊமைதான். வினையின் பன்மையில் ‘என்’, ‘ரி’ இரண்டும் சேர்ந்து வந்தாலும் ஊமைதான். ‘பார்லென்ட்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் பிரெஞ்சுக்காரர் ‘பார்ல்’ என்று மட்டும் சொல்வது இதனால்தான். ஆனால் இந்த மூன்றெழுத்தும் வினையல்லாத சொல்லில் வந்தால் வாய் திறக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு: ‘மகிழ்ச்சியான’ என்ற பொருளில் கோ(ன்)-தா(ன்), ஈரசை, ‘அவர்கள் கதை சொல்கிறார்கள்’ என்ற வினையில் இல் கோ(ன்)த், வினை ஓரசை. தாளைப் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது. இது வினையா இல்லையா என்று கேட்டால்தான் பிரிக்கலாம்.

இந்த (ன்) குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன். அது நாக்கு மேலே முட்டாத ன். மூச்சு மூக்கு வழியாகப் போகும், நாக்கு கீழேயே கிடக்கும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாங்கள் ‘வந்தான்’ என்று சொன்னால் ன் தெளிவாக முட்டி நிற்கும். தமிழ்நாட்டுச் சினிமாவில் அதே சொல்லின் கடைசி ன் மூக்கொலியாகக் கரைந்துபோவதைக் கேட்டிருப்பீர்கள். பார்-லோ(ன்) என்பதற்கு வேண்டியது அந்தச் சினிமா ன். படம் பார்க்கும்போது வசனத்தின் முடிவுகளைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். அதுவும் பிரெஞ்சுப் படிப்புத்தான்.

இனி, தமிழ் நாக்கு பிடிவாதம் பிடிக்கும் இடத்துக்கு வருகிறேன். நமக்கு ல், ன், ம், ர் போன்றவற்றில் சொல்லை முடிக்க வரும். த், க், ப் போன்ற வல்லினத்தில் முடிக்கச் சொன்னால் நாக்கு தானாக ஓர் உகரத்தை ஒட்டிவிடும். பிரெஞ்சு வினையில் இந்தச் சின்ன உகரம் பெரிய சேதம் செய்யும். ‘அவன் புறப்படுகிறான்’ என்பது இல் பார். ‘அவர்கள் புறப்படுகிறார்கள்’ என்பது இல் பார்த். ஒருமைக்கும் பன்மைக்கும் இடையில் இருப்பது கடைசி த் மட்டும்தான். அதை முழுதாக மூடி விட வேண்டும். ‘பார்த்து’ என்று உகரம் ஒட்டினால் ஓரசை ஈரசையாகிறது. அழுத்தம் போய் நிற்க இல்லாத ஓர் அசை கிடைக்கிறது. கேட்பவருக்கு அது வேறு சொல். முடித்தல் என்ற வினையிலும் இதே கதைதான்: இல் ஃபி-நி ஒருவன், இல் ஃபி-நிஸ் பலர். விற்றல், காத்திருத்தல், எழுதுதல், வாசித்தல் என்று நீண்ட வரிசையே இப்படி இருக்கிறது. பன்மை என்றால் நீளும் என்று தமிழ் நமக்குப் பழக்கியிருக்கிறது. ‘கிறான்’ என்பது ‘கிறார்கள்’ ஆகும்போது ஓர் அசை கூடுகிறது. பிரெஞ்சில் பன்மை வந்தால் பெரும்பாலும் அசை கூடாது, கதவு ஒரு மெய்யால் சாத்தப்படும். கேட்டல் பரீட்சையில் ‘ஒருவர் போகிறாரா, பலர் போகிறார்களா’ என்று கேட்டால் நீங்கள் காதை வைக்க வேண்டியது அந்தச் சாத்தும் மெய்யில்.

அப்படியும் பிடிபடாத வினைகள் உண்டு. பார்ல் போன்றவற்றில் ‘அவன்’, ‘அவர்கள்’ இரண்டும் காதுக்கு ஒன்றே. பிரெஞ்சுக்காரரும் சூழலைக் கொண்டுதான் விளங்கிக்கொள்கிறார். ஆனால் வினை உயிரில் தொடங்கினால் நிலைமை மாறும். இங்கேதான் நம் புணர்ச்சி இலக்கணம் கைகொடுக்கிறது.

அவன் + எங்கே என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அ-வ-னெங்-கே. ‘அவன்’ என்பதன் ன் தன் வீட்டில் நிற்கவில்லை. எகரத்தோடு சேர்ந்து அடுத்த அசைக்குப் போய்விட்டது. மெய்யீற்றின்மேல் உயிர் ஏறும் என்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் விதியாகப் படித்ததை நாங்கள் பேச்சில் நாள் முழுக்கச் செய்கிறோம். பிரெஞ்சும் இதையே செய்கிறது. ‘அவன் விரும்புகிறான்’ என்பது இல் + எம். சொல்லும்போது இ-லெம். ‘நான் விரும்புகிறேன்’ என்பதில் ஜு-வின் உயிர் குற்றியலுகரம் போலக் கெட்டு ஜெம் என்று ஓரசையாகும். ‘அவர்கள் விரும்புகிறார்கள்’ என்பதில் ‘அவர்கள்’ என்ற சொல்லின் இறுதியில் தூங்கிக்கொண்டிருந்த ‘எஸ்’ விழித்துக்கொள்ளும், அதுவும் ஸ் ஆக அல்ல, குரல் சேர்ந்த ஃஸ் ஆக: இல்-ஃஸெம். ஒருமை, பன்மை இரண்டையும் பிரிப்பது அந்த ஃஸ் ஒன்றே.

அந்த ஒலி தமிழில் இல்லை, அதனால் நான் ஆய்தத்தை முன்னால் போட்டு எழுதுகிறேன். தொண்டைக் குழியில் இரண்டு விரலை வையுங்கள். ஸ்ஸ்ஸ் என்று இழுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. வாயை அப்படியே வைத்துக்கொண்டு தேனீ போல இரையுங்கள். விரலில் அதிர்வு தெரியும். அதுதான் ஃஸ். இதில் ஒரு வாரம் செலவழித்தாலும் வீணில்லை. ஏனென்றால் ஏ1 மட்டத்தில் அதிகம் வரும் இரண்டு வினைகளும் இதில்தான் தொங்குகின்றன. ‘அவர்களிடம் இருக்கிறது’ என்பது இல்-ஃஸோ(ன்). ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பது இல்-ஸோ(ன்). முதலாவதை ஸ் போட்டுச் சொன்னால், ‘அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்’ என்று சொல்ல வந்தவர் ‘அவர்களே மூன்று பிள்ளைகள்’ என்று சொன்னதாக முடியும். தொண்டையில் உருளும் பிரெஞ்சு ர் வரவில்லையே என்று பலர் கவலைப்படுகிறீர்கள். அதை விடுங்கள். தமிழ் ர் போட்டாலும் அவர்களுக்கு விளங்கும். ஃஸ் இல்லாவிட்டால் விளங்காது.

உடம்படுமெய்யும் அங்கே உண்டு. மணி + அடித்தது என்பதில் இரண்டு உயிர் முட்டாமல் இருக்க நாங்கள் ய் போட்டு மணியடித்தது என்கிறோம். ‘அவனிடம் இருக்கிறதா?’ என்று வினையை முன்னால் போட்டுக் கேட்கும்போது ஆ என்ற வினையும் இல் என்ற பெயரும் முட்டும். அவர்கள் நடுவில் த் ஒன்றைச் செருகுவார்கள்: ஆ-தில்? ‘அவன் பேசுகிறானா?’ என்பதிலும் அந்தத் த் வரும்: பார்ல்-தில்? எழுதும்போது அதன் இரு பக்கமும் சிறு கோடு போட வேண்டும். அந்தத் த் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர்களே, தயவுசெய்து ‘அது அப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள். மணியடித்ததைச் சொல்லுங்கள்.

இப்போது அழுத்தம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தம் எங்கே விழும் என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும். பிரெஞ்சில் அந்தத் தொல்லை இல்லை. அழுத்தம் சொல்லுக்குச் சொந்தமல்ல, சொற்கூட்டத்துக்குச் சொந்தம். ஒரே மூச்சில் சொல்லும் கூட்டத்தின் கடைசி அசை எதுவோ அதன்மேல் விழும். அழுத்தம் என்றதும் குத்திச் சொல்லாதீர்கள். அந்த அசையைக் கொஞ்சம் நீட்டினால் போதும். மற்ற அசைகள் ஒரே அளவாக, ஒன்றுக்கொன்று வஞ்சகம் இல்லாமல் ஓட வேண்டும்.

ஜு பார்ல். இங்கே அழுத்தம் பார்ல் மேல். ஜு பார்ல் ஃப்ரா(ன்)-ஸே. இப்போது அது ஸே மேல் போய்விட்டது. பார்ல் சாதாரண அசையாகிவிட்டது. ஜு பார்ல் ஃப்ரா(ன்)-ஸே அ-வெக் மோ(ன்) மா-ரி, ‘நான் என் கணவரோடு பிரெஞ்சு கதைக்கிறேன்’. இடையில் மூச்சு விடாமல் சொன்னால் அழுத்தம் கடைசி ரி மேல். ஸே-யில் ஒரு சின்ன இடைவெளி விட்டால் அங்கே ஒன்று, ரி-யில் ஒன்று. செய்தி வாசிப்பவர்களும் அரசியல்வாதிகளும் சில சமயம் சொல்லின் முதல் அசையைத் தூக்கிச் சொல்வார்கள். அது வற்புறுத்திச் சொல்லும் முறை, இப்போதைக்கு நீங்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

தமிழ்ப் பேச்சு இதற்கு நேர்மாறான பழக்கம். நாங்கள் சொல்லின் தலையில் சற்று ஊன்றி, வாலை விட்டுவிடுவோம். அதனால்தான் பிரெஞ்சு பேசும்போது எங்கள் வாக்கியத்தின் முடிவு கேட்பவர் காதுக்கு எட்டாமல் போகிறது. இதைத் திருத்த நான் கண்ட நல்ல வழி நம் ஊர்ப் பெயர்கள்தான். பேசுதல் பரீட்சை தொடங்கியதும் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்பார்கள்: வூ-ஃஸா-பி-தே ஊ? ‘நான் வசிக்கிறேன்’ மட்டும் என்றால் ஜா-பித், ஈரசை, முதலில் நிற்கும் ‘எச்’ ஊமை. ஊர்ப் பெயர் சேர்ந்தால் த் அடுத்த அசைக்குத் தாவும்: ஜா-பி-தா கி-லி-நொ-சி. சி-யில் நில்லுங்கள். ஜா-பி-தா மு-லை-தி-வூ. வூ-வில் நில்லுங்கள். ஜா-பி-தா வ-வு-னி-யா. யா-வில் நில்லுங்கள். ஒட்டுசுட்டானையும் நெடுங்கேணியையும் பரந்தனையும் இதே மாதிரிச் சொல்லிப் பழகுங்கள். பிறந்த ஊரின் பெயரை வேற்று ஓசையில் சொல்வது முதலில் கூச்சமாக இருக்கும். பாரிஸில் லா சப்பல் பக்கம் வளரும் நம் பிள்ளைகள் அம்மாவின் ஊரை இந்த ஓசையில்தான் சொல்வார்கள்.

வினை அட்டவணைகளில் உங்களை அதிகம் அழவைப்பது, நடுவில் உருவம் மாறும் வினைகள். வருதல்: ஜு வியெ(ன்), நூ வு-நோ(ன்), இல் வியென். குடித்தல்: ஜு ப்வா, நூ ப்யூ-வோ(ன்), இல் ப்வாவ். ‘இதற்கு விதியே இல்லை, பாடமாக்கு’ என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. விதி இருந்தது. அது அழுத்த விதி. பிரெஞ்சின் தாயான லத்தீனில் ‘அவன் வருகிறான்’ என்பது வே-நித். அழுத்தம் முதல் அசையில், வேரின்மேல். ‘நாங்கள் வருகிறோம்’ என்பது வெ-நீ-முஸ். அழுத்தம் ஈற்றுப்பக்கம் நகர்ந்துவிட்டது. நூற்றாண்டுகள் போகப் போக, பாரம் விழுந்த வேர் உப்பி வியெ(ன்) ஆனது. பாரம் விழாத வேர் மெலிந்து வு ஆனது. குடித்தலிலும் அப்படியே. அதனால் உங்கள் அட்டவணையில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு வரிகளைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அவை வேரில் பாரம் விழுந்த வடிவங்கள், ஒரு குடும்பம். நாங்கள், நீங்கள் என்ற இரண்டும் ஈற்றில் பாரம் விழுந்த வடிவங்கள், இன்னொரு குடும்பம். இயலுதல், வேண்டுதல், பெறுதல், பிடித்தல், சாதல் எல்லாம் இந்தக் கோட்டுக்குள் வந்து உட்காரும். ஆறு வரி பாடமாக்கிய இடத்தில் இரண்டு வேர் போதும். வேர் மாறுவது நமக்கும் புதிதல்ல. வா, வாறன், வந்தன், வருவன் என்று நாமே நாள்தோறும் மாற்றுகிறோம்.

வருதலில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘அவன் வருகிறான்’ இல் வியெ(ன்), மூக்கொலி. ‘அவர்கள் வருகிறார்கள்’ இல் வியென், நாக்கு முட்டும் ன். எங்கள் நாக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பக்கத்தில் இருப்பவரைக் கண்ணை மூடச் சொல்லி, மாறி மாறிச் சொல்லி, ஒருவரா பலரா என்று விரல் காட்டச் சொல்லுங்கள்.

எழுத்தின் மேலே போடும் சாய்கோடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை அழுத்தக்குறி என்று நினைத்து அங்கே ஊன்றிச் சொல்பவர்கள் நிறையப் பேர். அது அழுத்தத்தைக் காட்டாது. அந்த எழுத்து ஏ போல மூடி ஒலிக்குமா, எ போல விரிந்து ஒலிக்குமா என்பதைக் காட்டும். ‘அதிகம் விரும்புகிறேன்’ என்பது ஜு ப்ரே-ஃபெர். இரண்டு அசையின் மேலும் கோடு இருக்கிறது, எதிரெதிர்த் திசையில். ஊமை ஈற்றுக்கு முன்னால் நிற்கும் கடைசி அசை விரியும். ‘நாங்கள்’ வந்ததும் நூ ப்ரே-ஃபே-ரோ(ன்), விரிந்தது மூடிக்கொள்ளும். வாங்குதலும் அப்படி: ஜ-ஷெத், ஆனால் நூ-ஃஸஷ்-தோ(ன்). இரண்டாவதில் நடு உயிர் போயே போய்விட்டது, ‘நாங்கள்’ என்பதன் ‘எஸ்’ ஃஸ் ஆகி வினையோடு ஒட்டிவிட்டது. இந்த ஒரு வினையை அசை பிரித்துச் சொல்லத் தெரிந்தால் இந்த மடலில் பாதி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்தில் நடு ‘ஈ’ எப்போது ஒலிக்கும் என்று கேட்கிறீர்கள். மொரிஸ் கிராமோ(ன்) என்ற பிரெஞ்சு ஒலியியலாளர் இதற்கு மூன்று மெய் விதி என்று ஒன்று வகுத்தார். உயிர் விழுந்தால் மூன்று மெய் வரிசையாக மோதுமா? மோதினால் உயிர் தங்கும்: ஜு பார்-லு-ரே. மோதாவிட்டால் விழும்: ஜு பாஸ்-ரே. தமிழும் மூன்று மெய்யைச் சும்மா விடாது. ய், ர், ழ் முன்னால் நின்றால்தான் பார்த்தேன், வாழ்க்கை என்று அனுமதிக்கும்.

எழுதுதல் பகுதியில் வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால், இரட்டித்த மெய்யை இரண்டு பக்கமும் பிரித்து எழுதுவார்கள். அதைப் பார்த்து வாயால் இரட்டிக்காதீர்கள். படு, பட்டு என்று இரட்டிப்பால் பொருள் மாறும் மொழி நம்முடையது. பிரெஞ்சில் ‘அழைத்தல்’ என்ற வினையில் இரண்டு ‘பி’ எழுதினாலும் ஒலி ஒற்றைதான். ஆனால் தமிழில் அபெல் என்று எழுதினால் நடுவில் மெலிந்து வேறு ஒலி வரும், அப்பெல் என்று எழுதினால் இரட்டிக்கும். இந்த ஓர் இடத்தில் தமிழ் எழுத்து உதவாது. காதால் கேட்டே பிடிக்க வேண்டும்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட்டைப் பாடிக் காட்டுவார். கூத்தர் காதால் வாங்கி, தாளத்துக்கு உட்கார வைத்து, வாயால் திருப்பித் தருவார். கொப்பி பிறகுதான். வினை வகுப்பையும் அப்படி நடத்துங்கள். ஒவ்வொரு அசைக்கும் ஒரே அளவான தட்டு; கடைசி அசையில் இரண்டு கையும் சேர்ந்தே நிற்கட்டும். இல்-ஃஸெம் மா(ன்)-ஜே எத்தனை தட்டு என்று கேளுங்கள். நாலு என்று சொல்லிக் கடைசித் தட்டில் நிற்கும் பிள்ளைக்கு, அதன் எழுத்துக்கூட்டலைப் பிறகு பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். பலகையில் முதலில் ஆறு வரியை எழுதிவிட்டால், பிறகு காது கண்ணுக்குப் பின்னால்தான் நடக்கும்.

போன் எல்லோரிடமும் இருக்கிறது. பிரெஞ்சு வானொலியான ஆர்எஃப்ஐ எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது. டிவி5மோந்த் ஏ1 மட்டத்துக்கென்றே காணொளிப் பாடங்கள் வைத்திருக்கிறது. செய்தி முழுக்க விளங்க வேண்டியதில்லை. அறிவிப்பாளர் எங்கே நிற்கிறார், எந்த அசை நீள்கிறது என்று மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவரோடோ அண்ணாவோடோ கதைக்கும்போது, அவர் வேலையிடத்தில் தினமும் கேட்கும் ஒரு வசனத்தை வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரரின் குரலில்.

இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் நடுவில் நின்றுபோனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 2008, 2009இல் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள், செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே இருந்தீர்கள். ‘எனக்கு இலக்கணம் வராது, சேர்’ என்று வகுப்பில் பின்வரிசையில் போய் இருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். நான் மேலே சொன்ன குற்றியலுகரமும் புணர்ச்சியும் உங்கள் பேச்சில் இருக்கிறது. ‘அவனெங்கே’ என்று கேட்கத் தெரிந்த எவருக்கும் இ-லெம் சொல்ல வரும். சாதாரணதரச் சான்றிதழ் அதற்குத் தேவையில்லை. முன்வரிசைக்கு வந்து இருங்கள்.

தமிழ் வாய்க்குப் பிரெஞ்சு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், புதுச்சேரியை நினையுங்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரில் பல தலைமுறைத் தமிழர் இரண்டு மொழியும் பேசி வாழ்ந்தார்கள். அங்கிருந்த பாதிரிமார் முசேயும் துய்ப்புயியும் 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தார்கள். வெ. ஸ்ரீராம் நேரே பிரெஞ்சிலிருந்து அல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த நாவல் மூலத்தில் பெரும்பாலும் நீங்கள் ஏ1 வகுப்பில் படிக்கும் அதே இறந்தகாலத்தில், ஜே மா(ன்)-ஜே, ஜே பார்-லே என்ற வகையில், எழுதப்பட்டது. எழுத்து வழக்குக்கே உரிய பழைய இறந்தகாலத்தைக் காம்யு ஒதுக்கிவைத்தார். ஆகவே அந்தப் புத்தகம் நீங்கள் எட்டமுடியாத உயரத்தில் இல்லை.

இந்த இறந்தகாலத்தில் ஓர் ஆறுதலும் உண்டு. பேச, பேசிய, பேசுகிறீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்துக்கூட்டல் மூன்று விதம். முதலாவதில் ‘ஆர்’, மற்றதில் சாய்கோடு, மூன்றாவதில் ‘இசெட்’. ஒலி மூன்றுக்கும் ஒன்றே, பார்-லே. ‘அவள் வந்துசேர்ந்தாள்’ என்பதில் பெண்பாலுக்காக ஓர் ஊமை ‘ஈ’ கூடும். அது தாளுக்கு மட்டும்: எ-லெ-தா-ரி-வே. ஐந்து அசை, ஐந்து தட்டு, வே-யில் நில்லுங்கள்.

வருகிற கிழமைக்கு இதை மட்டும் செய்யுங்கள். பேசுதல், விரும்புதல், புறப்படுதல், வருதல், வாங்குதல் என்ற ஐந்து வினைகளை எடுங்கள். கொப்பியை மூடி வைத்து ஒருவர் சொல்ல மற்றவர் தட்டட்டும். ஒருவரா பலரா என்று விரலால் காட்டட்டும். பிறகு கொப்பியைத் திறந்து, பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி தமிழில் எழுதுங்கள், அசைக்கு ஒரு கோடு போட்டு. சந்தேகம் வந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆசிரியர்கள் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கட்டும்.

அன்புடன்,
உங்களைப் போல் வன்னியில் இருந்து பிரெஞ்சு படித்து, இப்போது படிப்பிக்கும் ஓர் ஆசிரியர்,
கிளிநொச்சி.